கம்பிக்கு வெளியே ஒரு கை

கிள்ளானில் என் பெற்றோர் வீட்டு வாசல் கிரில்லுக்குப் பக்கத்துச் சுவரில், என் இடுப்பு உயரத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் கிரில் சாவி தொங்குகிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றக் குனியும்போது அது கண்ணில் பட்டுவிடும். பட்டதும் முகம் மாறும். எங்கள் பக்கத்தில் கம்பி வழியாகக் கைவிட்டால் எட்டுகிற இடத்தில் யாரும் சாவியை வைப்பதில்லை. நீளக் கழியின் நுனியில் கொக்கி கட்டி, கூடத்து மேசையில் கிடக்கும் சாவியை மீன் பிடிப்பதுபோல் இழுத்துக்கொண்டு போகும் திருடர்களைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். வாசலிலிருந்து எவ்வளவு தூரமோ, எவ்வளவு உயரமோ, அவ்வளவும் நல்லது என்பதுதான் சாவி விஷயத்தில் ஊர் வழக்கம். எதிர்வீட்டு அக்கா அப்பாவிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். "என்னண்ணே, திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி இருக்கு லா." அப்பா சிரிப்பார். சாவியை மட்டும் எடுக்க மாட்டார்.

அந்த ஆணியைப் பற்றி இப்போது நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. என் கணவருக்கு இங்கிலாந்தில் மூன்று ஆண்டு ஆய்வுப் படிப்பு கிடைத்திருக்கிறது. நானும் எங்கள் நான்கு வயது மகளும் உடன் போகிறோம். இங்கே எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வேலை முடிந்து வந்ததும் இருவரும் கணினியில் வாடகை வீடுகளைப் பார்க்கிறோம். அவர் பள்ளிக்கூடம் பக்கமா, பஸ் வருமா என்று பார்க்கிறார். நான் ஜன்னல்களைப் பார்க்கிறேன். கீல் எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் திறக்கும், இன்னொரு கதவு எங்கே என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். "நீ வீடு பாக்குறியா, தப்பிச்சு ஓட வழி பாக்குறியா?" என்று அவர் கிண்டல் செய்கிறார். காஜாங்கில் பயமென்பதே தெரியாமல் வளர்ந்த மனிதர். எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் நான் பார்ப்பது அதைத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், நான் அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா பண்டமாரானில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கப்பலுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். இரைச்சலுக்கு நடுவே லோரி ஓட்டுநர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அதே குரலில்தான் உப்புக் கேட்பார். கால்வாயில் பாம்பு வந்தாலும், தெருவில் குடித்துவிட்டு யாராவது சண்டை போட்டாலும் எங்கள் தாமான் குடியிருப்பில் முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டதே பெருமை என்பதுபோல் போவார்.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா வாசலில் துணி காயப்போடுவதற்காகக் கிரில்லைத் திறந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அந்தத் திறப்பு வழியாகவே உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவன் கையில் பாராங் கத்தி இருந்தது. அதை அம்மாவின் கழுத்தில் வைத்து, நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பாவைத் தரையில் உட்காரச் சொன்னான். அப்பா உட்கார்ந்தார். கையைத் தலைக்குமேல் வைக்கச் சொன்னான். வைத்தார். நான் சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து அதைப் பார்த்தேன். அம்மாவின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் முழுதாக ஓய்ந்த பிறகும் அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மாதான் போய் அவர் கைகளைக் கீழே இறக்கிவிட்டு, "போயிட்டாங்க, எந்திரிங்க" என்றார்.

அதன் பிறகு வீடு முழுக்கக் கம்பிதான். வாசலுக்கு இரண்டாவது கிரில், பின்கட்டுக்கு ஒன்று, குளியலறையில் பூனைகூட நுழைய முடியாத காற்றுத் துளைக்கும் ஒன்று. எனக்கும் ஒரு பாடம் ஆரம்பமானது. அப்பா வெளியே போய் நின்றுகொண்டு கம்பி வழியாகக் கையை உள்ளே நீட்டுவார். குரலை மாற்றி, குழைவாகக் கேட்பார். "பாப்பா, நான் அப்பாவோட ஃபிரெண்டு. சாவி குடு, பாப்பா." நான் இரண்டு அடி பின்னால் போக வேண்டும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். சரியாகச் செய்தால் அப்பா தன் பழைய குரலில் சிரித்துவிட்டு, தலையில் வண்ணச் சீனி வைத்த குட்டி பிஸ்கட் ஒன்றைக் கம்பி வழியாகத் தருவார். எனக்கு அது விளையாட்டு. அவர் நீட்டிய கை சில நாள் நடுங்கியது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் நிறுவனம் அப்பாவை இங்கிலாந்தில் ஒரு துறைமுக நகரத்துக்கு அனுப்பியது. சில மாத வேலை என்று போனது இரண்டு ஆண்டு என்று நீண்டுவிட்டது. குடும்பத்தையும் வரவழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா, பின்கட்டுக் கிரில்லின் பூட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். கூடவே மொத்தச் சாவிக்கொத்து. "ஏங்க, இங்கிலாந்துல பூட்டு விக்க மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டார். "இது நமக்குத் தெரிஞ்ச பூட்டு" என்றார் அப்பா.

வீடு பார்க்க அலுவலகத்தில் ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் காரில் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டிய முதல் வீட்டை நான் இன்றும் வரைந்து காட்டுவேன். கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தரைவரை கண்ணாடி. வெளியே வேலி என்று பார்த்தால் என் முழங்காலுக்கு மேல் வளராத செடிவரிசை. கேட் இல்லை, கிரில் இல்லை. அம்மா அந்தக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கொள்ளை நடந்த நாளிலிருந்து அம்மா முகத்தில் அப்படி வெளிச்சம் பட்டு நான் பார்க்கவில்லை. அப்பா விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "ஒரு கல்லு போதும்" என்று தமிழில் முணுமுணுத்தார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் பகலில் கதவைப் பூட்டுவதுகூட இல்லை என்று அந்தப் பெண்மணி ஆறுதலாகச் சொன்னார். அப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டாவது, ஊருக்கு வெளியே வயல் ஓரத்தில் ஒரு வீடு. கத்தினால்கூடக் கேட்க ஆள் இல்லாத இடம். அது எங்கள் மூவருக்குமே பிடிக்கவில்லை.

ஜன்னலுக்குக் கம்பி போட்ட வீடு எதுவும் கிடையாதா என்று அப்பா கேட்டார். அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கிவிட்டு எங்களைத் துறைமுகத்தின் பின்தெரு ஒன்றுக்கு அழைத்துப்போனார். பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. மீன் பொரிக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த வீடு. முன்பு கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர் சரக்கு வைத்திருந்த இடமாம். படிக்கட்டு முடியும் இடத்தில் இரும்பு மடிப்புக் கதவு, ஜன்னல்களுக்குக் கட்டைவிரல் தடிமனில் கம்பி. இந்தத் தெரு அவ்வளவு நல்லதில்லை, அதனால்தான் கம்பி என்று அவர் நாசூக்காகச் சொன்னார். அப்பாவின் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது. கம்பி இருந்தால்தான் அது வீடு என்று பழகிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்த ஊரில் கம்பியைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா ஒரு கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

விடுதி அறைக்குத் திரும்பியதும் அம்மா, "எனக்கு அந்தக் கண்ணாடி வீடுதாங்க பிடிச்சிருக்கு" என்றார். அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியின் துரு இன்னும் அதில் ஒட்டியிருந்தது. "நான் வேலைக்குப் போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் அந்தக் கண்ணாடிக்குள்ள உக்காந்திருப்பீங்க. ரோட்டுல போறவன் வர்றவன்லாம் பாப்பான். அத நெனச்சுக்கிட்டு என்னால வேல செய்ய முடியாது." அப்பா கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அப்படித்தான் மீன் கடைக்கு மேலே குடியேறினோம். மடிப்புக் கதவின் உச்சியில், என் கைக்கு எட்டாத உயரத்தில் கிள்ளான் பூட்டைத் தொங்கவிட்டார் அப்பா. காலையில் அவர் வெளியே போனதும் அம்மா உள்ளிருந்து பூட்டுவார். அப்பா வெளியே நின்று கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார். என்னைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும்போதும் அம்மா பூட்டித் திறந்து பூட்டியாக வேண்டும். சாவிக்கொத்து இருக்க வேண்டிய இடமும் கிள்ளான் வழக்கப்படிதான். வாசலிலிருந்து மிகத் தூரமாக, மிக உயரமாக, சமையலறை அலமாரியின் உச்சியில், முருகன் படத்துக்குப் பின்னால். அம்மா நாற்காலி போட்டு ஏறித்தான் எடுப்பார். சாயங்காலங்களில் கீழே தெருவில் யாராவது கத்துவார்கள், பாட்டில் உடையும். அப்பா எங்களைப் பார்ப்பார். பார்த்தீர்களா, கம்பி இருப்பது எவ்வளவு நல்லது என்று கேட்பதுபோல் இருக்கும் அந்தப் பார்வை. அந்தத் தெருவில் குடியிருப்பதால்தான் அந்தச் சத்தம் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. பயந்தவர்களுக்கு யோசனை ஒரு பக்கமாகத்தான் ஓடும்.

குளிர்காலத்தில் ஒரு பிற்பகல். பள்ளியிலிருந்து வந்து நான் கூடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசம் அந்த வீட்டில் எப்போதும் உண்டு. அன்று அது தொண்டையில் குத்தியது. கீழே யாரோ கத்தினார்கள். அம்மா எழுந்து சமையலறைக் கதவைத் தள்ளினார். தரையும் சுவரும் சேரும் மூலையிலிருந்து புகை, பால் பொங்குவதுபோல் மேலே வந்துகொண்டிருந்தது. கடையின் புகைக்குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது என்பதைப் பிறகுதான் சொன்னார்கள்.

"பாப்பா, கம்பிகிட்ட போய் நில்லு. அங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். சாவி அங்கேதானே இருந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அழவில்லை, கூப்பிடவில்லை. மடிப்புக் கதவுக் கம்பியின் குளிர்ச்சியில் கன்னத்தை வைத்துக்கொண்டு அம்மா சொன்னபடி நின்றேன். இன்றும் ஏதாவது வீட்டில் நாற்காலி விழுந்தால் என் காதுக்குள் அந்த அமைதி வந்துவிடுகிறது.

அம்மா தவழ்ந்து வந்தார். கையில் சாவிக்கொத்து. அதில் கிள்ளான் வீட்டு வாசல் கிரில், கேட், பீரோ என்று கடல்தாண்டி இருந்த எல்லாவற்றின் சாவியும் இருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் ஒவ்வொன்றாகத் தடவினார். எழுந்து நின்று பூட்டை எட்டப் பார்த்தார், முடியவில்லை, முழங்கால் மடங்கி என் காலடியில் விழுந்தார். எந்தச் சாவி என்று எனக்குத் தெரியும். அம்மாவின் சிவப்பு நகச்சாயத்தால் அப்பா பொட்டு வைத்த சாவி அது. கொத்தை வாங்கி அதைக் கண்டுபிடித்துவிட்டேன். பூட்டுதான் எனக்கு எட்டவில்லை. அந்த நேரத்தில் கீழ்க்கடைக்காரர் படியேறி ஓடிவந்தார். பெரிய உடம்பு, முழங்கைவரை பச்சை குத்திய கைகள், முகமெல்லாம் கரி. கதவை உதைத்தார், குலுக்கினார். என் கையில் சாவியைப் பார்த்ததும், கம்பி வழியாகத் தன் கையை உள்ளே நீட்டினார். "கீ! கிவ் மீ த கீ!"

நான் இரண்டு அடி பின்னால் போனேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மாட்டேன்" என்றேன்.

அவர் ஏதேதோ கத்தினார். பிறகு அவர் குரல் மாறியது, குழைந்தது, கெஞ்சியது. பாடத்தில் அப்பா கேட்பதுபோலவே இருந்தது. அதனால் எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது. முதுகுப் பக்கம் சுட்டது. புகை கழுத்துவரை இறங்கிவிட்டது. கம்பிக்குள் அந்தக் கை விரிந்தபடி நின்றது. தரையிலிருந்து, காகிதம் கிழிவதுபோன்ற ஒரு குரலில் அம்மா சொன்னார். "குடு... குடுத்துரு பாப்பா." அம்மா சொன்னதால் கொடுத்தேன். அவர் வெளியிலிருந்தே கையை வளைத்துப் பூட்டைத் திறந்து, அம்மாவைத் தோளில் போட்டு, என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

அப்பா குளிரங்கிகூட இல்லாமல் தெருவில் ஓடிவந்தார். அம்மாவை அப்போதுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவர் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு அப்பா என்னிடம் வந்து குனிந்தார். நான் காத்துக்கொண்டிருந்த நேரம் அதுதான். சொல்ல எனக்குச் செய்தி இருந்தது. "நான் ஒடனே குடுக்கலப்பா. நீங்க சொன்ன மாதிரியே பின்னால போயி கைய கட்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டு அவர் சிரிப்புக்காக முகத்தைப் பார்த்தேன். பிஸ்கட் கிடைக்கும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அப்பா அந்த ஈரத் தெருவில் அப்படியே உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்ததுபோல. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. புகைக்குள் நின்றபோது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

அம்மா பிழைத்துக்கொண்டார். குரல் மட்டும் திரும்பவில்லை. இன்றும் தொலைபேசியில் புதியவர்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா மருத்துவமனையில் இருக்கும்போதே அப்பா வீடு காட்டிய அந்தப் பெண்மணியைத் தேடிப்போய்க் கண்ணாடி வீட்டைக் கேட்டார். அது இன்னும் காலியாக இருந்தது. மிச்ச நாள் முழுதும் அங்கேதான் இருந்தோம். அப்பாவுக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் போகவில்லை. தெருவில் நாயோடு யாராவது நடந்தால்கூட நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். ஆனாலும் அந்த வீட்டுக்கு அவர் ஒரு பூட்டுகூட வாங்கவில்லை. "பயமா இல்லையாங்க?" என்று அம்மா தன் புதிய குரலில் ஒருநாள் கேட்டார். "பயமாத்தான் இருக்கு" என்றார் அப்பா. "ஆனா இதுல ஒரு கல்லு போதும். ஒடச்சுக்கிட்டு வெளிய போயிரலாம்."

கிள்ளானுக்குத் திரும்பியபோது கிரில்கள் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றை எடுக்க முடியாது. அந்த ஊரில் அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. அப்பா வாசல் கிரில் பூட்டைக் கீழே இறக்கினார். என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, எனக்கு எட்டும் இடத்தில் அந்த ஆணியை அடித்தார். மோட்டார் சைக்கிள் ஏதாவது வாசலில் வேகம் குறைத்தால் இன்றும் எழுந்து வருவார். சாவியைப் பார்ப்பார். அதை எடுக்காமல் திரும்பிப் போவார். அந்தப் பழைய பாடத்தை அவர் அதன் பிறகு என்னோடு விளையாடவே இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். நாங்கள் தேர்ந்து வைத்திருந்த வீடுகளின் படங்களை அப்பாவிடம் காட்டினேன். அதில் ஒன்று, என் கணவருக்கு மிகவும் பிடித்தது, கீழ்த்தளத்தில் பெரிய கண்ணாடிக் கதவு உள்ள வீடு. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நான் பார்ப்பதுபோலவேதான் பார்த்தார்.

"ஜன்னல் தெறக்குமா?"

"தெறக்கும்பா."

"உள்ளேர்ந்தா?"

"உள்ளேர்ந்துதான்."

எதை எடுக்கட்டும் என்று கேட்டேன். கண்ணாடி வீட்டில் எவனாவது உள்ளே வருவான் என்று பயமாக இருக்கிறது, மற்றவற்றில் வெளியே வர முடியாது என்று பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அப்பா படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நான் ஒருவாட்டி எடுத்தாச்சு லா. இது நீதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. துறைமுகத்துக்கே கேட்கும்படி பேசிய மனிதர், கேட்கும்போது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

கிரில் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டு வாசலைப் பார்த்தேன். அப்பா வெளியே நின்றிருந்தார். என் மகள் உள்ளே நின்றிருந்தாள். நரம்பு புடைத்த அந்தக் கை கம்பி வழியாக உள்ளே நீண்டது. குரலை மாற்றிக்கொண்டு, குழைவாக அவர் கேட்டார். "பாப்பா, சாவி குடு, பாப்பா." கூடத்தில் நின்ற நான், என்னை அறியாமல் இரண்டு அடி பின்னால் போனேன். சுவர் முதுகில் இடித்தபோதுதான் தெரிந்தது.

மகள் ஆணியை நோக்கிக் கையை உயர்த்தினாள். எட்டியது. சாவியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதை அவர்கள் முன்பே பலமுறை விளையாடியிருக்கிறார்கள் என்பது அவள் சிரிப்பிலிருந்து புரிந்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து, தலையில் வண்ணச் சீனி வைத்த குட்டி பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கம்பி வழியாக அவளிடம் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பையில் மறுபடி கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். அதை என் பக்கமாக நீட்டினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் முன்னால் நடந்து போய் அதை வாங்கிக்கொண்டேன். "கண்ணாடி வீட்டையே எடுத்துக்கிறேன்ப்பா" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். பூட்டைத் திறந்து உள்ளே வந்து, சாவியை மகளிடம் கொடுத்தார். அவள் அதை ஆணியில் மாட்டினாள்.